இடுப்புக் கயிறு

கிளாட்வின் அம்மாவுக்கு,

இத்தனை வருடம் அப்படித்தான் கூப்பிட்டேன். இனி எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

கிளாட்வினை அடக்கம் செய்த மறுநாளே சின்னவளைத் தூக்கிக்கொண்டு விளாத்திகுளத்தில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். போனையும் எடுக்கமாட்டேன் என்கிறாய். நேற்று உன் அண்ணன் இங்கே பெரியதாழைக்கு வந்து என்னைப் பார்த்தார். "அவ பிள்ளையக் கெணத்துப் பக்கமே விடமாட்டேங்கா மாப்ள. வாளித் தண்ணியக் கண்டாக்கூடப் பதறுதா" என்றார்.

உங்கள் ஊரில் நீச்சல் பழக்கும்போது பிள்ளையின் இடுப்பில் கயிறு, முதுகில் காலி கேன் கட்டி, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றில் இறக்குவார்கள். அதைச் சொல்லி எவ்வளவு சிரித்திருக்கிறேன்! எங்கள் அப்பா என்னை வள்ளத்திலிருந்து கடலில் தூக்கிப் போட்டார். நானும் அவனைப் போட்டேன். நீ கரையில் நின்று கத்தினாய். "ஏளா, கடக்கரையில பொறந்த பயலுக்கு என்ன பயம்?" என்றேன். அவனும் சிரித்துக்கொண்டே நீந்தி வந்தான். நீந்தத் தெரிந்த பிள்ளைதானே என்றுதான், அவன் மூழ்கிய அன்றைக்கு நான் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.



சின்னவளைக் கடலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஆனால் தண்ணீருக்குப் பயந்தவளாக வளர்க்காதே. உன் அண்ணனிடம் சொல்லிக் கிணற்றில் நீச்சல் பழக்கு. உங்கள் ஊர் வழக்கப்படியே கயிறு கட்டு, கேன் கட்டு. என்றாவது ஒருநாள் அவளே கயிற்றை அவிழ்க்கச் சொல்வாள். அவிழ்த்துவிடு.

அவள்மேலிருந்து கண்ணை மட்டும் எடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பா