வெறும் வயிற்றில் மாத்திரை

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை.

இன்று நடவு வயலில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிவிட்டது. விடியற்காலையிலேயே சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சேற்றில் இறங்கியிருந்தேன். நாங்கள் கரையேறிச் சாப்பிடுவது பத்து மணிக்குத்தான். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அஞ்சலை என் வாயில் வெல்லத்தைத் திணித்த பிறகே நிமிர்ந்தேன்.

ஆள் கூட்டி வரும் செல்வி அக்கா, "நாளைலேந்து வீட்டுல இரு புள்ள. நீ விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றார்.

"விழுந்தா என்னையும் சேர்த்து நட்டுடுங்கக்கா, முளைச்சு வர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

சாயங்காலம் நர்ஸம்மாவைக் கேட்டேன். சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போடவே கூடாதாம். சரி, நாளை வரப்பில் உட்கார்ந்து நான்கு இட்லி தின்றுவிட்டுத்தான் இறங்குவேன். அதுவரை அக்கா காத்திருக்கட்டும். என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினால், அவளை இடித்துக்கொண்டு நானும் நடுவேன்.