இருமும் கடிகாரம்

ஆன்ட்டி, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நம் அடுக்குமாடி பிளாக்கில் செத்துப்போனவர்கள் யாராவது உங்களோடு அங்கே இருந்தால் அவர்களுக்கும் வேண்டாம். அங்கேயும் பேச்சு பரவும்.

இப்போதுதான் உங்கள் வீட்டுக் கடிகாரம் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அங்கிள் இன்னும் அதற்குச் சாவி கொடுக்கிறார். மணி அடித்து முடித்ததும் கிழவர் செருமுவதுபோல ஓர் இருமல் வருமே, அதுவும் வந்தது. ஒலிநாடாவில் அந்த இருமலுக்குப் பிறகு நீங்கள் பேசுவீர்கள். சுவரில் அதற்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறேன்.

நாடா என் தலையணை உறைக்குள் இருக்கிறது.

ஆஸ்பத்திரி மிஸ் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டது நினைவிருக்கிறதா? மார்பில் கட்டி வந்தால் நம் பெண்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள் என்று அவர்கள் ஆராய்ச்சி செய்தார்கள். வந்தவர்கள் கறிபஃப் சாப்பிட்டார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. தன் யாழ்ப்பாணத் தமிழில், "நீங்கள் கூட்டத்துக்கு வராட்டி, கூட்டம் உங்கட வீட்டுக்கு வரட்டும்" என்றார்கள். ஒரு பிஸ்கட் டின்னில் ரெக்கார்டரையும் நாடாவையும் வைத்துக் கொடுத்தார்கள். முன்னால் பேசியவர்களைக் கேட்டுவிட்டு நம் பங்கைப் பேசி, டின்னை அடுத்த வீட்டுக் கேட்டில் மாட்டிவிட வேண்டும். பேர் வேண்டாம், குரல் மட்டும் போதும். எல்லா வீடும் சுற்றிய பிறகு டின் என்னிடம் வர வேண்டும் என்பது ஏற்பாடு.

உங்கள் முறை வந்த அன்று என்னைக் கூப்பிட்டீர்கள். "ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணுமா? கல்யாணம் மாதிரியில்ல இருக்கு!" என்று சிரித்தீர்கள். வானொலியை நிறுத்தினீர்கள், ஜன்னலைச் சாத்தினீர்கள். கடிகாரத்தை மட்டும் மறந்துவிட்டோம். கேட்டுக் கேட்டு அந்த இருமல் நம் காதில் விழுவதே இல்லை.

"குளிக்கும்போது கையில பட்டுச்சு. வலிக்கல. வீட்டுல சொல்லல. மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க, அம்மாவுக்கு இப்படின்னு தெரிஞ்சா யாரு வருவாங்க?" அங்கேதான் மணி அடித்தது. இருமியது. பிறகு நீங்கள், "எனக்குப் பயமா இருக்கு" என்றீர்கள்.

பட்டனை அமுக்கிக்கொண்டிருந்த என் விரலுக்கும் அந்தப் பயம் தெரிந்தது.

தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது நாலாம் மாடி அக்கா எல்லார் முன்னாலும் சொன்னார்: "கடிகாரம் இருமுச்சு லா, யாருன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு." அன்று சாயங்காலம் சுவர் வழியாக அங்கிளின் குரல் கேட்டது. "மெஷின்கிட்ட போய்ச் சொன்னியா? என்கிட்ட சொல்ல வாய் வரல?" நீங்கள் சொன்னதும் கேட்டது. "அது நான் இல்லைங்க. வேற யாரு வீட்டுக் கடிகாரமோ."

அதைச் சொன்ன பிறகு உங்களால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. போனால் அந்தக் குரல் உங்களுடையது என்று ஆகிவிடும். உங்கள் பொய்யைக் காப்பாற்றத்தான் வீட்டிலேயே இருந்தீர்கள். உங்கள் கை மெலிந்து, வளையல் முழங்கை வரை ஏறியபோதும் இருந்தீர்கள்.

டின் என்னிடம் வந்தபோது நாடாவில் உங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு குரல் இருந்தது. மிகத் தாழ்ந்த குரல். "கடிகாரம் இருமுற வீட்டு அக்கா, எனக்கும் இருக்கு. நீங்க டாக்டர்கிட்ட போனா சொல்லுங்க. நானும் கூட வரேன்." அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மெர்போக் புறா கூவிக்கொண்டிருந்தது.

அங்கிள் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதை உங்களுக்குப் போட்டுக் காட்டினேன். நீங்கள் படுத்தபடியே கேட்டீர்கள். புறா கூவி ஓய்ந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு சொன்னீர்கள்: "அவளைப் போகச் சொல்லு. எனக்காகக் காத்திருக்க வேணாம்னு சொல்லு."

"யாருன்னு தெரியாதே ஆன்ட்டி?"

"என்னை எப்படிக் கண்டுபுடிச்சாங்க?"

அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

உங்கள் அடக்கம் முடிந்த மறுநாளே அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார். "நாடா உங்க பொண்ணுகிட்டதான் இருக்கு. என் மகள் கல்யாணம் முடியுற வரைக்கும் அது வெளிய போகக்கூடாது" என்று அப்பாவிடம் சொன்னார். சொல்லும்போது அழுதார். அப்பா என் பள்ளிப் பையைக் கவிழ்த்துத் தேடினார். நாளைக் காலையில் அது மேஜைமேல் இருக்க வேண்டுமாம்.

ஆனால் ஆன்ட்டி, இன்று அந்தப் புறாவைக் கேட்டேன். நம் பழைய லிஃப்ட் சில மாடிகளில்தான் நிற்கும், ஒன்பதாம் மாடியில் நிற்பதில்லை, அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. இன்று லிஃப்ட் கெட்டுப்போனதால் இன்னும் மேலே இருக்கும் தோழி வீட்டுக்குப் படியேறிப் போனேன். காரிடாரில் கூண்டு தொங்கியது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பி, "யாரைத் தேடுற, ம்மா?" என்றார். அதே தாழ்ந்த குரல். நான் ஓடி வந்துவிட்டேன்.

ஓடியிருக்கக்கூடாது. ஆனால் நான் வாயைத் திறந்தால் அது நீங்கள்தான் என்று ஆகிவிடும். உயிரைக் கொடுத்து நீங்கள் காத்த பொய்யை நான் உடைக்க வேண்டும். அதற்குத்தான் என்னை அனுப்பினீர்களா? கடிகாரம் இருமும்போதெல்லாம் கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்வதில்லை. காத்திருக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னது அவருக்கு மட்டுமா, எனக்கும் சேர்த்தா?

அப்பா நாடாவை எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் கடைசியாகச் சொன்னது அதில் இல்லை. அப்போது நான் பட்டனை அமுக்கவில்லை. அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, அதை யாராலும் பையைக் கவிழ்த்து எடுக்க முடியாது. காலையில் சீருடையோடு ஒன்பதாம் மாடிக்கு ஏறுவேன். அவர் கேட்டைத் திறந்ததும், "கடிகார வீட்டு அக்கா உங்களை டாக்டர்கிட்ட

என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள்.