திருப்பி வைத்த கண்ணாடி

8.3, சனி

காலையிலேயே வெயில். பார்லர் ஃபேன் கிறீச், கிறீச். வாங்க வேண்டியது: பஞ்சு, ரோஸ் வாட்டர், ஊக்கு, ஃபேனுக்கு எண்ணெய்.

நாளை ஷூட்டிங். தோல் ஜாக்கெட் விளம்பரம், பழைய தோல் பதனிடும் ஷெட்டில். சென்னை போட்டோகிராபர். மாடலோடு, நிஜமாகவே ஷூ கம்பெனியில் வேலை செய்கிற பெண் ஒருத்தியும் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக் கலா அக்காவைச் சொன்னேன். கம்பெனியில் தையல் லைனில் வேலை. சிரித்த முகம். இதுவரை கல்யாணப் பெண்களுக்கு மட்டுமே மேக்கப் போட்டவள் நான். உள்ளுக்குள் கொஞ்சம் திமிர்தான்.

சாயங்காலம் க. அக்கா வந்து ஃபேஷியல் செய்துகொண்டாள். "லைன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி. போட்டோ நல்லா வர்லனா மானம் போய்டும்."

9.3, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

க. அக்கா பட்டுப்புடவையில் வந்தாள். தலை நிறைய மல்லி. இரண்டு கையிலும் மருதாணி. எதிர்வீட்டு ஷபானா நோன்போடு உட்கார்ந்து போட்டுவிட்டாளாம்.

மாடல் பெண் இரவெல்லாம் பயணம். பாவம், நல்ல கருவளையம். பூட்ஸ் ஒரு அளவு சின்னது, குதிகாலில் ரத்தம். பிளாஸ்திரி ஒட்டினேன். கருவளையத்தை மறைத்தேன். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பிறகு போட்டோகிராபர் அக்காவைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவங்க ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருக்காங்க மேடம். எனக்கு உழைக்கிற முகம் வேணும். டயர்டா." புகை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் போய்விடுமாம், அவசரம்.

உழைக்கிற முகமே இதுதான் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். "பண்ணிடலாம் சார்" என்றேன்.

பட்டுக்குப் பதில் கம்பெனி கோட்டு. மருதாணிக் கையில் கிளவுஸ். பூவை எடுத்தேன். மாடலுக்கு எதை மறைத்தேனோ அதையே அக்காவுக்கு வரைந்தேன், கண்ணுக்குக் கீழே ஊதா, பழுப்பு. கன்னம் ஒட்டிப்போனது போல நிழல். அதே பிரஷ்.

அக்கா கண்ணை மூடியிருந்தாள். "பூ எதுக்குடி எடுத்த?"

"கோட்டுக்கு நல்லா இருக்காதுக்கா."

"சரி. நீ பாத்துப் பண்ணு."

எந்தப் பெண்ணுக்கும் மேக்கப் முடிந்ததும், வேறு யாரும் பார்ப்பதற்கு முன் அவள் கையில் கண்ணாடியைக் கொடுப்பேன். இன்று கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். டைம் இல்லக்கா என்றேன்.

போட்டோ அழகு. அதையும் சொல்லத்தான் வேண்டும். புகை, ஒரு பக்க வெளிச்சம், முன்னால் மாடல், பின்னால் மிஷினில் அக்கா. "இதான் நெஜம்" என்று போட்டோகிராபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் நானே அக்கா முகத்தைத் துடைத்துவிட்டேன். பஞ்சு முழுக்க ஊதா. அதையும் மடித்து மறைத்தேன்.

14.3, வெள்ளி

போட்டோ இன்ஸ்டாவில் வந்துவிட்டது. நிஜமான முகம், நிஜமான முகம் என்று கீழே ஒரே புகழ்ச்சி. என் பேரும் போட்டிருக்கிறார்கள். புது ஆர்டர் கேட்டு போன். எடுக்கக் கூடாது என்று இருந்தேன். எடுத்தேன்.

கம்பெனி வண்டியிலிருந்து க. அக்கா இறங்கியதைப் பார்த்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். வெட்கக்கேடு.

16.3, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான் ஜாஸ்தி. ஃபேனுக்கு எண்ணெய் விட்டாச்சு.

க. அக்கா வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"லைன்ல எல்லாரும் கேக்கறாங்கடி, உடம்பு சரியில்லியான்னு. நான் இப்டியா ஆய்ட்டேன்?"

"அது லைட்டுக்கா."

"லைட்டு இன்னா பண்ணும்? கேமரா பொய் சொல்லுமா? தெனம் பாக்கற மூஞ்சி, எனக்குத்தான் தெரியாம போச்சு." நாற்காலியில் உட்கார்ந்தாள். "கண்ணுக்குக் கீழ கறுப்பு போறதுக்கு எதாச்சும் போடு."

நான்தான் வரைஞ்சேன்க்கா என்று சொல்லியிருக்கலாம். கிரீம் டப்பாவைத் திறந்தேன். ஒன்றுமே இல்லாத இடத்தில் தடவினேன். அன்று போலவே கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த முறை கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் கம்மியாயிருக்குல்ல?"

ஆமாக்கா என்றேன்.