பிட்டின் என்றால் முதுகு இல்லை

மச்சான்,

இன்று காலை சவரம் செய்யும்போது பிளேடு வலது தாடைக்கு அடியில், அந்தத் தழும்பின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. அங்கே மயிர் முளைப்பதில்லை. உடனே உன் ஞாபகம் வந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது.

என் கீழ்த்தாடையில் வந்த கட்டியை முதல் தடவை வாய்க்குள்ளேயே கீறிச் சுரண்டி எடுத்தார்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை என்று ரப்பர் தோட்டமெல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். நாலு வருஷத்தில் அது திரும்பவும் வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் எலும்பைத் தின்றுவிடும் என்றார்கள். எனக்குச் சிங்களம் அரைகுறை. சிங்களம் சரளமாகப் பேசுகிற நீ, கஹவத்தை டவுனில் இருந்த உன் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாய்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இந்த முறை "பிட்டின்" வெட்ட வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த "பிட்ட" முதுகுதான். ரப்பர் பால் வாளி சுமக்கிறவனுக்கு முதுகுவலியின் சிங்களப் பெயர் தெரியாமல் இருக்குமா? எழுந்துவிட்டேன்.

"தாடையில கட்டி, முதுக எதுக்குடா வெட்டுறாரு? வா, வீட்டுக்குப் போவோம்."

நீ சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். "முதுகு இல்லடா மடையா, வெளிப்பக்கமா! ஒக்காரு."

அதன் பிறகு நீ சிரிக்கவில்லை. டாக்டரைக் காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னாய். கட்டி தாடை மூலைவரை ஏறிவிட்டது; வாய் வழியே போனால் அதன் பின்பக்கம் சரியாகத் தெரியாது. கழுத்தோரம் கீறினால் முழுவதையும் கண்ணால் பார்த்து, சுற்றியுள்ள எலும்போடு எடுத்துவிட்டுத் தகடு வைக்கலாம். நான் கேட்கக் கூசியதையும் நீயே கேட்டாய், வாய் கோணுமா என்று. பதிலையும் மறைக்கவில்லை.

"ஒதடு மரத்துப் போகுமாம். சிரிக்கிறப்ப கொஞ்சம் கோணலாமாம். நீ எப்படா நேரா சிரிச்ச? ஆனா கட்டி திரும்ப வாறது ரொம்பக் கொறைவாம். கையெழுத்துப் போடு."

போட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஓடியிருப்பேன்.

உதடு மரத்துத்தான் கிடக்கிறது, தேத்தண்ணிச் சூடு வலப்பக்கம் தெரியாது. கட்டி வரவில்லை. இப்போதெல்லாம் எந்த டாக்டரிடமும் புரியாவிட்டால் "ஆயெத் கியன்ன" என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறேன். வெட்கப்படுவதில்லை. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட துணிச்சல் அது.

போன வாரம் கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். டாக்டர் புது எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "ஒக்கோம ஹொந்தய்" என்றார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எனக்கே புரிந்தது. இருந்தாலும், நீ அதைத் தமிழில் சொல்வாய் என்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.