மறைத்த இலக்கத்தில் வந்த ஐந்து அழைப்புகள்

அனுப்புநர்:
கஜந்தினி தியாகராஜா (வயது 19),
பார்க்கிங், கிழக்கு லண்டன்.

பெறுநர்:
கொள்முதல் பிரிவுத் தலைமை அதிகாரி அவர்கள்,
ஹாத்தர்லி பொது வைத்தியசாலை, லண்டன்.

பொருள்: புதிய தொலைபேசி அமைப்புக்கான டெண்டரில், வெளியே போகும் அழைப்புகளின் இலக்கத்தை மறைக்கும் நிபந்தனையை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மணி,

டெண்டர் பற்றிய கருத்தைப் பொதுமக்கள் தங்கள் மொழியிலேயே அனுப்பலாம் என்று உங்கள் இணையப் பக்கத்தில் இருந்தது. அதனால் தமிழில் எழுதுகிறேன். மூன்று நாளாக எனக்கு ஒழுங்காக நித்திரை இல்லை. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. நான் தொலைபேசிகளின் ரசிகை. யாரும் சொல்லித் தரவில்லை. காணொளிகள் பார்த்தும் இணையக் குழுக்களில் கேள்வி கேட்டும் படித்தேன். என் அறையில் பாவித்த மேசைத் தொலைபேசிகள் ஏழு இருக்கின்றன. உங்கள் வைத்தியசாலை பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறப்போகிறது என்ற அறிவித்தலைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமில்லை. 94 பக்க ஆவணத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். அதில் 4.7ஆம் நிபந்தனை, எல்லா வெளி அழைப்புகளிலும் இலக்கம் மறைக்கப்பட வேண்டும் என்கிறது. ஊழியர்களின் பாதுகாப்புக்கு நல்லதுதானே என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

2. என் சித்தி தவமலர் உங்கள் வைத்தியசாலையின் சிறுநீரக மாற்றுப் பட்டியலில் நான்கு வருடமாக இருக்கிறார். கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பொருத்தமான கிட்னி கிடைத்தால் உங்கள் பிரிவில் இருந்து அழைப்பு வரும். ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் இல்லாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். ஆகவே சித்தி குளிக்கப் போனாலும் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் போவார். "உள்ளுக்கை என்ன, பிரதமரோடை மீட்டிங்கோ?" என்று சித்தப்பா கதவுக்கு வெளியே நின்று பகிடி பண்ணுவார்.

3. பெப்ரவரி 2ஆம் திகதியில் இருந்து அந்தப் பிரிவில் புதிய அமைப்பைப் பரீட்சார்த்தமாக ஓடவிட்டிருக்கிறீர்கள். 11ஆம் திகதி புதன்கிழமை காலை 10.42, 10.49, 10.58க்குச் சித்தியின் போனுக்கும், 11.05, 11.11க்கு, இரண்டாவது தொடர்பாகக் கொடுத்திருந்த சித்தப்பாவின் போனுக்கும் அழைத்திருக்கிறீர்கள். அந்த நேரம் சித்தி குசினி மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போன் பக்கத்திலேயே இருந்தது, முழுச் சார்ஜோடு. ஒரு தரமும் மணி அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கிளினிக்கில் நேர்ஸ், "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்ட பிறகுதான் விசயம் தெரிந்தது. கிட்னி வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் நலமாக இருக்க வேண்டும்.

4. மணி ஏன் அடிக்கவில்லை என்பதை நான் மறைக்கக் கூடாது. போன ஒக்டோபரில், "ஹோம் ஒபிஸில் இருந்து கதைக்கிறம்" என்று மறைத்த இலக்கத்தில் வந்த மோசடி அழைப்புகளால் எங்கள் ஆட்கள் பயந்துபோனார்கள். ஒருகாலம் அகதி விண்ணப்பத்தோடு அந்தக் குடிவரவு அமைச்சுக்கு அலைந்தவர்களுக்கு அதன் பெயரே போதும். எங்கள் ஆட்கள் போனில் என்ன பிழை வந்தாலும் கடைக்குப் போகமாட்டார்கள், பிள்ளைகளிடம் நீட்டுவார்கள். ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் என்னிடம் வரிசையாக வந்தார்கள். "பிள்ளை, இனி ஒருத்தனும் கோல் எடுக்கேலாத மாதிரிச் செய்து விடு" என்றார் சித்தப்பா. முப்பத்தேழு போன்களில், இலக்கம் காட்டாத அழைப்புகள் எல்லாம் தானாக வெட்டுப்படும்படி செய்துவிட்டேன். பெருமையாக இருந்தது. வெள்ளி மாலை சித்தியின் போனில் தடுக்கப்பட்ட அழைப்புகளைத் திறந்தேன். மூன்று வரி இருந்தது. சித்தப்பாவின் போனில் இரண்டு.

5. அது என் பிழை. ஆனால் ஜனவரி வரை உங்கள் அழைப்புகள் வைத்தியசாலையின் பொது இலக்கத்தோடுதான் வந்தன. அவற்றை என் தடுப்பு தொடவில்லை. இலக்கத்தை மறைக்கப்போகிறோம் என்று பட்டியலில் இருக்கும் ஒருவருக்காவது நீங்கள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பவில்லை. பரீட்சார்த்தம் என்றால் யாரை வைத்துப் பரீட்சித்தீர்கள் என்று பணிவுடன் கேட்கிறேன்.

6. ஊழியரின் நேரடி இலக்கத்தை மறைத்துக்கொண்டே பொது இலக்கத்தைக் காட்டலாம். அதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை, அமைப்பில் ஒரு தெரிவை மாற்றினால் போதும். டெண்டர் 27ஆம் திகதி மூடப்படுவதற்குள் 4.7ஐ இவ்வாறு திருத்தவும். பரீட்சார்த்தப் போன்களில் இன்றைக்கே மாற்றவும். எந்த இலக்கத்தில் இருந்து அழைப்பு வரும் என்பதைப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் அறிவிக்கவும். என் பங்குக்கு முப்பத்தொரு போன்களில் தடுப்பை எடுத்துவிட்டேன். ஆறு பேரை இன்னும் பிடிக்க முடியவில்லை. அதில் இரண்டு பேர் தெற்கு லண்டனில் ஸ்ட்ரெதம் பக்கம் வீடு மாறிவிட்டார்கள்.

7. நாலாம் பத்தியில் உள்ளது, அதாவது என் தடுப்புத்தான் காரணம் என்பது, சித்திக்கு இன்னும் தெரியாது. நெட்வேர்க் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "விடு பிள்ளை, முதல் தேத்தண்ணியைக் குடி" என்று என்னைத்தான் ஆறுதல்படுத்துகிறார். அவரைப் பற்றிய மனுவை அவருக்குத் தெரியாமல் அனுப்புவது சரியில்லை. இதை அச்செடுத்து அவர் கையில் கொடுக்கப் போகிறேன். கீழே அவர் ஒப்பம் இல்லாவிட்டாலும் தயவுசெய்து 4.7ஐத் திருத்தவும்.

இடம்: பார்க்கிங்
திகதி: 16.02.2026

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
கஜந்தினி தியாகராஜா

நோயாளியின் குறிப்பு, கையெழுத்தில்:
வாசிச்சன். போனை நான்தான் இவளிட்டைக் குடுத்தனான். இவள் கேட்டதைச் செய்யுங்கோ. நான் இன்னும் லிஸ்டிலை இருக்கிறன்.
தவமலர்