பர்க் போகும் மோட்டாரில் ஓர் இடம்

கூலபின் கிணறு,
18 ஜனவரி 1923

அன்பு மகள் எனிட்டுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாட நினைப்பு, இங்கே நாங்களும் நலம், குதிரை உதைத்த அப்பாவின் இடுப்புதான் இன்னும் சரியாகவில்லை. நான் வருவேன் என்று சிட்னி ஸ்டேஷனில் காத்திருந்து ஏமாந்திருப்பாய், கோபித்துக்கொள்ளாமல் இதைப் படி.

ஏழு மாதமாக இந்த வழியில் குதிரைக் கோச்சு வண்டி இல்லை, தபாலும் ஆட்களும் மோட்டாரில் போகிறார்கள், குதிரை மாற்றவோ என் கையால் சாப்பிடவோ இங்கே யாரும் இறங்குவதில்லை. கோச்சு நடத்தியவர் கடைசியாக வந்தபோது, நீங்களே வெச்சுக்குங்க அம்ப்ரோஸ், இனிமே இதுங்கள யாரு வாங்கப் போறா என்று பதினொரு குதிரைகளையும் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, இரண்டு பேர் சேர்ந்து ராட்டினம் சுற்றினால்தான் தொட்டி நிறையும். ஒருநாள் அப்பா துப்பாக்கியோடு லாயத்துக்குப் போனார், வெடிச் சத்தமே கேட்கவில்லை, போய்ப் பார்த்தால் ஒரு குதிரையின் லாடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வேலியைத் திறந்து விரட்டியும் பார்த்தோம், சாயங்காலம் வாசலில் வரிசையாக வந்து நிற்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை அப்பாதான், கிளம்பு ஹெஸ்டர், அவளுக்குத் தலைப்பிரசவம், இங்க நான் பாத்துக்கறேன் என்றார். ஒத்த ஆளா எப்படிப் பாப்பீங்க என்றேன். உன் வாய் இல்லாம நிம்மதியா பாப்பேன் என்று சிரித்தார். பர்க் போய் அங்கிருந்து சிட்னிக்கு ரயில் பிடிக்கலாம் என்று மோட்டாரில் ஏறிவிட்டேன். அரை மைல்கூடப் போயிருக்காது, மோட்டார் ஓட்டும் க்ளாரி திரும்பிப் பார்த்து, அம்மா, உங்க ஆளுங்க வழியனுப்ப வர்றாங்க என்றான். பதினொன்றும் எங்கள் பின்னாலேயே ஓடி வந்தன. வண்டி கிளம்பினால் தாங்களும் ஓட வேண்டும் என்பதுதானே அவற்றுக்குத் தெரியும். அவற்றுக்குப் பின்னால் புழுதியில் உன் அப்பா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குதிரையையும் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு, விழுந்து எழுந்து வந்தார். நிறுத்துப்பா என்றேன். இறங்கினா அவ்வளவுதாம்மா, மார்ச்சு வரைக்கும் இடமெல்லாம் சொல்லி வெச்சுட்டாங்க என்றான். அதற்குள் உனக்குப் பிள்ளை பிறந்துவிடும் என்று தெரிந்துதான் இறங்கினேன், எனிட்.

ஏன்டி இறங்கின என்று அப்பா வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். பிறகு ராட்டினத்தின் ஒரு பிடியை அவர் பிடித்தார், மறு பிடியை நான் பிடித்தேன். குதிரைகளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது, அவை குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

குழந்தைத் துணிகளை க்ளாரியிடமே கொடுத்தனுப்பினேன், கிடைத்ததா? வலி எடுத்தால் பக்கத்து வீட்டு மிஸஸ் ஹானனை உடனே கூப்பிடு, தைரியசாலி மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே. அம்மா என்று கத்தத் தோன்றினால் கத்து, நான் பக்கத்தில் இல்லையே என்று வாயை மூடிக்கொள்ளாதே. கடவுள் உன்னையும் பிள்ளையையும் நல்லபடியாகக் காப்பாற்றட்டும். காலைத் தூக்கி வைத்து உட்கார மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ஹெஸ்டர்