பத்து லட்சத்து ஒன்பது

உங்கள் சவூதிப் பெட்டியை இன்று திறந்தேன், மச்சான். தைல வாசம் இன்னும் போகவில்லை. சட்டைகளுக்கு அடியில் நீங்கள் கணக்குப் போட்ட நோட்டு கிடந்தது. அதைப் பார்த்ததிலிருந்து உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. திட்டத்தான் ஆள் இல்லை.

எழுபதுகளின் கடைசியில், நீங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் தொடங்கிய விளையாட்டு. பத்து லட்சத்து ஒன்பது பகா எண்ணா, இல்லையா? ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்களில் ஒன்றாவது அதை மீதியில்லாமல் வகுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஒன்றிலும் ஒன்பதிலும் முடிகிறவை எனக்கு, மூன்றிலும் ஏழிலும் முடிகிறவை உங்களுக்கு. கடிதத்துக்கு ஓர் எண். கணக்கும் மீதியும் தனித் தாளில்.

அந்தத் தாளின் அருமை எனக்குத்தான் தெரியும். சவூதிக் கடிதம் என்றால் அது வீட்டுக்கே பொது. வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சலாத்திலிருந்து கையெழுத்துவரை உரக்கப் படிப்பார். உம்மா, சாச்சி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள். எனக்கென்று நீங்கள் அரை வரி எழுதினாலும் சாச்சி கனைப்பார். அதனால் நீங்கள் எழுதுவதே இல்லை. கடைசியில், "இது என்னமோ வாய்ப்பாடும்மா, நீயே வச்சுக்க" என்று வாப்பா கணக்குத் தாளை நீட்டுவார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் ஏழின் நடுவே நீங்கள் இழுக்கும் சின்னக் கோட்டை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்களிடமிருந்து எனக்கு மட்டும் வந்தது அது ஒன்றுதான்.

ஒரு கடிதத்தில் 293-ஆல் வகுத்து, "மீதி 1" என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் தட்டியது. அடுப்படியில் உட்கார்ந்து நானே வகுத்துப் பார்த்தேன். 3413 தடவை, சுத்தமாகப் போனது. உங்களுக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்று நினைத்தேன். சொன்னால் அதோடு தாள் வருவது நின்றுவிடும். சொல்லவில்லை. ஒன்றும் அறியாதவள்போல் என் பங்கு எண்ணை வகுத்து அனுப்பினேன்.

அதன் பிறகும் இரண்டு வருஷத்துக்கு மேல் தாள்கள் வந்தன. எண்பதுகளில் ஊர் திரும்பியதும், "கெட்டியான எண்ணு புள்ள, எதுக்கும் மசியல" என்றீர்கள். நான் தலையாட்டினேன். கட்டின புருஷனை ஏமாற்றிவிட்டோமே என்ற உறுத்தல் அன்றிலிருந்து என்னை விட்டதில்லை. நீங்கள் மௌத்தான அன்றும் அதைச் சொல்லித்தான் மனசுக்குள் அழுதேன்.

இன்று நோட்டில் 293-க்குக் கீழே உங்கள் கையெழுத்தில் பூஜ்யம். அதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில், "அவளுக்கு 1-ன்னு எழுதணும்." அதற்கும் கீழே 307, 313, 317 என்று 997 வரை, ஐம்பத்தாறு எண்கள். தேவையே இல்லாத ஐம்பத்தாறையும் ஒன்றுவிடாமல் வகுத்திருக்கிறீர்கள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்கள். நானும்தான். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், ஆளுக்கொரு பக்கம் அதே பூஜ்யத்தை ஒளித்துக்கொண்டு. ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள், மச்சான். எனக்கும் தெரியும் என்று உங்களிடம் சொல்ல வேண்டும்.